மூப்படைந்த மடிக்கணினிக்கு மருந்து

பொருள்கள் யாவும் காலத்தாற் பழுதுறும் என்பது எல்லார்க்கும் ஒப்ப முடிந்த உண்மை. ஆயினும், பழுதுறுதல் வேறு; மந்தமடைதல் வேறு. இவ்விரண்டையும் பகுத்தறியாமையாலே, இன்னும் பல்லாண்டு பயன்படத்தக்க மடிக்கணினிகள் பல வீடுகளில் அலுமாரியின் மேற்றட்டிலே தூசு படிந்து கிடக்கின்றன. அவ்வீட்டுப் பிள்ளையோ கைத்தொலைபேசியின் சிறு திரையிலே பாடம் படிக்கின்றான். தந்தையோ புதுக் கணினி வாங்கக் கடனுக்கு வழி தேடுகின்றார். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் மதிப்பு, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மியது. பின்னர்ச் சிறிது இறங்கியதாயினும் பழைய நிலைக்கு அது மீண்டிலது. இறக்குமதிப் பொருளாகிய கணினியின் விலையும் அதனோடு ஏறிற்று. ஆதலின், கையிலுள்ள கணினியைச் சிறு செலவில் விரைவுபடுத்தும் வழியை மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

நல்ல மருத்துவன் நாடி பாராது மருந்து கொடான். மடிக்கணினி மந்தமடைதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் நான்கு வகைப்படும். அவையாவன: வன்தட்டின் தாமதம், நினைவகத்தின் போதாமை, வெப்பமிகுதி, வேண்டாத மென்பொருட் சுமை என்பன. இவற்றுள் எது தம் கணினியைப் பற்றியது என அறிதற்குக் காசு வேண்டுவதில்லை. விண்டோஸ் கணினியாயின் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. டாஸ்க் மனேஜர் என்னும் சாளரம் தோன்றும். அங்கே, நாம் யாதொரு பெருவேலையும் செய்யாதிருக்கவும் வன்தட்டு நூற்றுக்கு நூறு எனக் காட்டுமாயின், குற்றம் வன்தட்டினிடத்தது. நினைவகம் தொண்ணூறு வீதத்தைக் கடந்து நிற்குமாயின், குற்றம் நினைவகத்தது. தொடக்கத்தில் விரைந்து, சிறிது நேரத்திற் சூடேறி, விசிறி இரைய, வேகங் குன்றுமாயின், குற்றம் வெப்பத்தது.

மருந்து செய்யுமுன் செய்ய வேண்டிய கடமை ஒன்றுண்டு. கணினியிலுள்ள கட்டுரைகள், படங்கள், சான்றிதழ்ப் பிரதிகள் ஆகியவற்றை வேறொரு பென் டிரைவிலோ வெளித்தட்டிலோ படியெடுத்தல் வேண்டும். வன்தட்டு திடீரென மந்தமாவது அதன் இறுதிக் காலத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். உள்ளிருந்து கடக் கடக் என்னும் ஒலி கேட்குமாயின் ஒரு நாளுந் தாமதித்தலாகாது. கணினியை மீண்டும் வாங்கலாம். இழந்த எழுத்தை வாங்க இயலாது.

இனி, நான்கையும் முறையே நோக்குவாம். முதலாவது வன்தட்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறி, இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுக்களைக் கொண்டது. அத்தனையும் சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே தாங்கின. இன்றைய வன்தட்டு உள்ளங்கைக்குள் அடங்குமாயினும், தட்டுச் சுழல, ஒரு கை அசைந்து சென்று வேண்டிய இடத்தைத் தேடும் அதன் முறை மாறிற்றிலது. மடிக்கணினித் தட்டுப் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை சுழலும். கை அசைதற்கும் வேண்டிய இடம் சுழன்று வந்து சேர்தற்குமாக, ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு கூறுகள் பதினேழு வரை கழியும். ஆகவே, ஒரு செக்கனில் அறுபது தேடல்களே இயலும். கணினி தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களைத் தேட வேண்டியிருக்கின்றது. நாம் காத்திருக்கும் நிமிடங்கள் அனைத்தும் அந்தக் கையின் அலைச்சலேயாம்.

எஸ்.எஸ்.டி. எனப்படுவது நகரும் உறுப்பு யாதுமின்றிச் சில்லுகளால் அமைந்த சேமிப்பகம். அதிலே ஒரு தேடலுக்கு ஒரு செக்கனின் பதினாயிரத்திலொரு பங்கே செல்லும். பழைய வன்தட்டைக் கழற்றி அதனிடத்தே இதனைப் பொருத்துதலே, செய்யக்கூடிய மாற்றங்களுட் பயன் மிகப் பெரிது தருவது. சில நிமிடங் கொண்ட தொடக்கம் அரை நிமிடத்திற்குள் அடங்கும். 240 அல்லது 256 ஜிகாபைற் அளவு மாணவர்க்குச் சாலும். மிகக் குறைந்த விலைக்கு மிகப் பெருங் கொள்ளளவு எனக் கூறி விற்கும் பெயரறியாச் சரக்கை வாங்கற்க. அவற்றுள் பொய்யளவு காட்டுவனவும் உள. கழற்றிய வன்தட்டு நலமாயிருப்பின், அதனை யூ.எஸ்.பி. உறையொன்றில் இட்டுப் படிவைக்குந் தட்டாகப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, வழக்கிலே றாம் எனப்படும் நினைவகம். மாணவனது மேசையை நினைவகமாகவும், அடுத்த அறையிலுள்ள புத்தக அலுமாரியைத் தட்டாகவுங் கொள்க. மேசை சிறிதாயின், ஒரு நூலை விரிக்க மற்றொன்றை அலுமாரிக்குக் கொண்டுபோக வேண்டும். படிப்பினும் நடையே மிகும். 4 ஜிகாபைற் நினைவகமுள்ள கணினியில் இணைய உலாவியின் பல பக்கங்களை ஒருங்கே திறப்பின் நிகழ்வது இதுவே. 8 ஜிகாபைற் ஆக்கின் பெரும்பாலான பள்ளி வேலைகள் தடையின்றி நடைபெறும். எனினும், டீ.டீ.ஆர். 3 வகைத் துண்டு டீ.டீ.ஆர். 4 வகைக்குரிய இடத்திற் பொருந்தாது. சில மெல்லிய கணினிகளிலோ நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றிற் கூட்டுதல் இயலாது. ஆதலின், மாதிரி இலக்கத்தைக் கொண்டு உறுதிசெய்த பின்னரே வாங்குக. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியமையால், பாவித்த துண்டொன்றைச் சோதித்து வாங்குவதே சிக்கனமாகும்.

மூன்றாவது வெப்பம். எம் வடபுலத்திலே சோளகக் காற்று வீசுங் காலத்தில் வீட்டினுட் புகும் புழுதி யாவரும் அறிந்ததே. அப்புழுதி விசிறியின் அருகிலுள்ள உலோகத் தகடுகளிடையே பஞ்சுபோற் படிந்து காற்றை மறிக்கும். கணினியின் மூளையாகிய செயலி, வெப்பம் 100 பாகை செல்சியசை அணுகும்போது தன்னைக் காத்தற்பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆண்டுக்கொருமுறை அடிமூடியைத் திறந்து, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, புழுதியை ஊதியகற்றுதல் வேண்டும். செயலியின்மேற் பூசிய வெப்பங் கடத்தும் பசை காய்ந்திருப்பின், அதனைப் புதுப்பித்தலும் நன்று. மெத்தையின்மேல் வைத்துக் கணினியை இயக்குவது அதன் மூக்கைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

நான்காவது மென்பொருட் சுமை. கணினி தொடங்கும்போதே தாமாகத் தொடங்கும் மென்பொருள்களை டாஸ்க் மனேஜரிலேயே நிறுத்தலாம். சேமிப்பகத்தில் ஐந்திலொரு பங்கையேனும் வெறுமையாக விடுக. கணினியை விரைவாக்குவோம் என விளம்பரஞ் செய்யும் மென்பொருள்களை நாடற்க. அவை சுமையைக் கூட்டுவனவேயன்றிக் குறைப்பனவல்ல.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவாம். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த லெனோவோ திங்க்பாட் டி 430 என்னும் மடிக்கணினியின் தட்டையும் நினைவகத்தையும் திருப்புளி ஒன்றைக் கொண்டே மாற்றலாம். பற்றரியையோ கையாலேயே கழற்றலாம். எஸ்.எஸ்.டி. ஒன்றும் 8 ஜிகாபைற் நினைவகமும் பெறின், அது எழுதவும் படிக்கவும் இன்றும் விரைந்து உதவும். ஆனால், விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 உம் இத்துணைப் பழைய செயலியை முறைப்படி ஏற்பதில்லை. இதற்கு லினக்ஸ் மின்ற் போன்ற இலவசப் பணிசெயல் முறைமை தக்க மாற்றாகும். அதனைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, மனங்கொண்ட பின் நிறுவலாம். யூனிகோட் தமிழ் அதிற் குறைவின்றி இயங்கும். வேர்ட் கோப்புக்களின் வரியமைப்பு மட்டும் சிற்சில இடங்களிற் பிறழலாம்.

செலவிற்கும் எல்லையுண்டு. தாய்ப்பலகை பழுதுற்றிருப்பினும், திருத்தும் செலவு அதனையொத்த பாவித்த கணினியின் விலையிற் பாதியைக் கடப்பினும், அக்கணினியை விட்டுவிடுதலே அறிவுடைமை. பற்றரி வீங்கியிருப்பின் சிக்கனம் பாராது, கணினியை இயக்குதலையும் மின்னேற்றுதலையும் உடனே நிறுத்துக. அது தீப்பற்றும் இயல்பினது.

இறுதியாக, வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு ஒரு சொல். தாங்கள் புதியது வாங்கியதும் ஒதுக்கிய பழைய மடிக்கணினி, ஈண்டொரு மாணவனுக்குப் புதுக் கணினியேயாம். அனுப்பும்போது தம் சொந்தக் கோப்புக்களை முற்றாக அழித்து, கடவுச்சொற்களை நீக்கி, சார்ஜரையும் மறவாது சேர்த்தனுப்புக. அதன் முகப்பில் 100 முதல் 240 வோல்ற்று என எழுதியிருப்பின், இலங்கையின் 230 வோல்ற்று மின்சாரத்திலும் இயங்கும். செருகியை மட்டும் மாற்றினாற் போதும். மாணவர்காள், அலுமாரியின் மேற்றட்டிற் கிடப்பதை இன்றே இறக்கி அதன் நாடியைப் பார்மின்! அது இறந்ததன்று, இளைத்ததே.