ஆவுளியாவும் ஆலாவும்

காவிரியில் டால்பின் உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. 2009-ல் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவிக்கப்பட்ட ஆற்று டால்பின் கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்தது. நம் தஞ்சை மாவட்டத்துக்கு வாய்த்தது ஆவுளியா. கடல்பசு என்றால் எல்லோருக்கும் புரியும். கல்லணைக் கால்வாயின் கடைமடை வயல்களைத் தாண்டி, மனோரா, மல்லிப்பட்டினம் கரைக்கு அப்பால் ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் அது மேய்கிறது. அதே தண்ணீருக்கு மேலே ஆலாப் பறவை பறக்கிறது. டீயைக் குடியுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

இரண்டுமே நுரையீரலால் மூச்சு விடுகிறவை. ஆலா காற்றிலேயே திரியும். மீனைக் கண்டால் மட்டும் தலைகீழாகத் தண்ணீரில் பாயும். ஆவுளியா தண்ணீரிலேயே கிடக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கிவிடும். எலும்புகளைப் பாருங்கள், அதிசயம் அங்கேதான். பறவையின் எலும்புகள் பலவற்றுக்குள் காற்றறைகள் உண்டு. ஆவுளியாவின் விலா எலும்போ கெட்டியாக, கனமாக இருக்கும். ஈயக்குண்டு வலையின் அடியைத் தரையோடு பிடித்திருப்பதுபோல, அந்தக் கனம்தான் புல் மேயும்போது அதன் உடம்பைக் கீழே நிறுத்துகிறது. முதுகை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் நுரையீரல், உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்கிறது.

கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் காஸ்பியன் ஆலா, ஆலாக்களிலேயே பெரியது. தடித்த சிவப்பு அலகு. ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முட்டை இடும். ஆவுளியா ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகூட ஆகலாம். ஒரு தாய் செத்தால் அந்த இடம் நிரம்ப எத்தனை காலம் பிடிக்கும், யோசித்துப் பாருங்கள்.

வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் சில நிமிடங்களில் ஆவுளியா மூச்சுமுட்டிச் செத்துவிடும். தீனியிலும் அதற்கு மாற்று வழி இல்லை. மீன் குறைந்தால் ஆலா வேறு கரை தேடிப் பறந்துவிடும். நாளுக்கு முப்பது கிலோவுக்கு மேல் கடற்புல் தின்னும் ஆவுளியாவுக்குப் புல் இல்லாத கடலில் வாழ்வில்லை. அந்தப் புல்லுக்கு வெயில் வேண்டும். சேறு கலங்கினாலும் இழுவைமடி வலை கடல் தரையைச் சுரண்டினாலும் அழியும்.

2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடல், நாட்டின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையை அறுத்து ஆவுளியாவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்திருக்கிறது. அறுந்த வலையின் முழு விலையும், அடுத்த முறை கடலுக்குப் போகும் முன்பே, அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.