அனுமதி பெற்று நுழைவோம்!

காசிமேட்டுப் பக்கம் உள்ள ஜீரோ கேட்டைக் கண்டவர்கள் அறிவார்கள். எண்ணூர் நெடுஞ்சாலை வழியே வரும் கன்டெய்னர் லாரி எதுவும் உரிய சீட்டைக் காட்டாமல் சென்னைத் துறைமுகத்தினுள் நுழைந்துவிட முடியாது. வண்டி யாருடையது, சரக்கு எங்கே போக வேண்டும் என்பவை தெளிவான பிறகே வாசல் வழிவிடும்.

கணிப்பொறிக்கும் இத்தகைய வாசல்கள் உண்டு. ஆங்கிலத்தில் அவற்றுக்கும் 'போர்ட்' என்றே பெயர். அவற்றுள் 3389 என்னும் எண்ணுடைய வாசலைப் பற்றியதே இக்கட்டுரை. ஓரிடத்திலிருக்கும் கணிப்பொறியை வேறோர் இடத்திலிருந்து இயக்கும் 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதி வழக்கமாக இவ்வாசலின் வழியேதான் நடைபெறுகிறது.

குடும்பப் பத்திரிகைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகியர் வினவலாம். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் துறைமுகத்தை நம்பி வாழும் நம் குடும்பங்கள் பல. சுங்க ஆவணம் தயாரிப்பதும், லாரி வாடகைக் கணக்கு எழுதுவதும் இன்று கணிப்பொறியில்தான். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. கொரோனாத் தொற்றின் தொடக்க மாதங்களில் சென்னையில் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மண்டலங்களில் இராயபுரமும் ஒன்று. ஆயினும் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணிப்பொறியை இயக்கும் வழக்கம் அந்நாட்களில் பரவலாயிற்று. நோயுற்ற உம்மாவைப் பேணும் மகளுக்கும், கைக்குழந்தையுடைய தாய்க்கும் கண்ணியமான வருவாய்க்கு இது ஒரு வழியன்றோ!

இதன் இயக்கம் எளிமையானது. வீட்டில் நாம் தட்டும் விசையும் சுட்டியின் அசைவும் அலுவலகத்திற்குச் செல்கின்றன. அங்குள்ள திரையின் தோற்றம் நம்மிடம் வருகிறது. கோப்புகள் அலுவலகத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே வீட்டில் பழைய கணிப்பொறி இருந்தாலும் போதும்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் 'ஹோம்' பதிப்பு இவ்வாறு வெளியாரை ஏற்பதில்லை. 'ப்ரோ' பதிப்பு ஏற்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே. அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதியில் 'ரிமோட் டெஸ்க்டாப்' என்பதை இயக்கி, அனுமதிக்கப்படுவோர் பெயரைச் சேர்க்க வேண்டும். பலர் ஒரே நேரத்தில் பணிபுரிய வேண்டுமாயின் சர்வர் தேவை. விண்டோஸ் சர்வரில் நிர்வாகப் பணிக்கென இருவர் நுழையலாம். அதற்கு மேற்பட்டோருக்கு உரிமம் வாங்க வேண்டும். உரிமமின்றிப் பயன்படுத்துவது ஹலாலான சம்பாத்தியத்திற்கு அழகன்று. செலவைத் தவிர்க்க விரும்புவோர் லினக்ஸில் 'எக்ஸ்ஆர்டிபி' என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்.

ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் இருத்தல் மிக அவசியம். நால்வர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டால், ஒருவர் செய்த பிழைக்கு மற்றொருவர் பழி சுமக்க நேரிடும். இது பாதுகாப்பை மட்டுமன்றி, நீதியையும் சார்ந்த செய்தி.

3389 வாசலை இணையத்திற்கு நேராகத் திறந்து வைப்பது, நள்ளிரவில் கடையின் கதவைத் திறந்துபோட்டுவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். கடவுச்சொல்லை ஓயாமல் ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இணையத்தில் உலவிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே நுழைந்தோர் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணயத்தொகை கேட்பதும் உண்டு. ஆகவே 'வி.பி.என்.' என்னும் காப்பு வழியினூடே மட்டும் நுழைய அனுமதியுங்கள். 2019 மே மாதம் இவ்வசதியில் 'புளூகீப்' என்னும் பெருங்குறை வெளிப்பட்டபோது, ஆதரவை நிறுத்திவிட்டிருந்த எக்ஸ்பி பதிப்புக்குக்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுங்கள். கணக்குகளின் நகல் ஒன்றைத் தனியே கழற்றி வையுங்கள்.

வேலை முடிந்ததும் சாளரத்தை மூடிவிட்டால் போதாது. உங்கள் அமர்வு சர்வரில் திறந்தபடியே இருக்கும். 'சைன் அவுட்' செய்தால்தான் உண்மையில் வெளியேறியதாகும்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு சொல். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, "இந்தச் செயலியை இறக்குங்கள், ஓர் எண் வரும், சொல்லுங்கள்" என்று எவரேனும் கேட்டால், அவர் கேட்பது உங்கள் செல்பேசியின் சாவியையே. 'எனிடெஸ்க்' செயலியின் வழியே இவ்வாறு பணம் பறிக்கப்படுவது குறித்து 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. செயலி குற்றமற்றதே, அதைக் கையாள்பவனிடமே வஞ்சகம் உள்ளது. பணம் பறிபோனால் நாணித் தயங்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

பிறர் இல்லத்துள் நுழையுமுன் அனுமதி கோரி ஸலாம் உரைக்கவும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடவும் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. கதவுக்கு மரமும் இரும்பும்தான் வேண்டுமென்பதில்லை. முதலாளி நம்பி ஒப்படைத்த கடவுச்சொல் ஓர் அமானிதம். அதைத் தம்பியிடமோ தோழியிடமோ கொடுப்பதும், நமக்குரியதல்லாத கோப்பைத் திறந்து பார்ப்பதும் அமானிதத்திற்கு மோசடியேயாகும். எவரும் காணாத அறையில் அமர்ந்து பணிபுரிந்தாலும், காண்பவன் ஒருவன் இருக்கின்றான்.

அமானிதம் பேணும் நன்மக்களாக வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.