உவர்மண்ணில் ஈர அளவீடு: பாலாற்றுப் படுகைக்கு ஏற்ற குறைந்த விலைத் தரவுப் பதிவிகள்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் பதனிடும் தொழிலகங்களின் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் விளைநிலங்கள் உவர்நிலமானது அறியப்பட்ட செய்தி. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததென, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு (28 ஆகஸ்ட் 1996) குறிப்பிடுகிறது. இந்நிலத்தில் மண் ஈரத்தைத் தொடர்ந்து அளக்க முனைவோர் பெரும்பாலும் விலையைக் கொண்டே தரவுப் பதிவியைத் தேர்கின்றனர். அதனுடன் இணையும் உணரி உப்பையும் நீரையும் பிரித்தறியுமா என்பதே முதலில் எழ வேண்டிய வினா.

பச்சைத் தோல் அழுகாதிருக்க இடப்படும் சோடியம் குளோரைடு, ஊறவைத்துக் கழுவும் முதற்கட்டத்திலேயே கழிவுநீரில் கலக்கிறது. அவ்வுப்பு மண்ணின் மின்கடத்துத்திறனை உயர்த்துகிறது. இரு உலோக முனைகளுக்கிடையே மின்தடையை அளக்கும் மிக மலிவான உணரி இவ்வுயர்வை ஈரமெனவே காட்டும். நேர்மின்னோட்டத்தில் இயங்கினால் முனைகளும் விரைவில் அரிக்கப்படும். இவ்வகையை இப்பகுதிக்குப் பரிந்துரைக்க இயலாது. மின்தேக்குத்திறன் வகை, நீரின் உயர்ந்த மின்காப்பு மாறிலியைப் (ஏறத்தாழ 80, மண்துகள்களுக்கு 3 முதல் 5) பயன்படுத்துவதால் மேலானது. எனினும் குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் மலிவு வகைகளில் உவர்ப்பின் தாக்கம் நீங்குவதில்லை. 70 மெகாஹெர்ட்சில் இயங்குவனவற்றில் அது குறைகிறது. நீர் பாய்ச்சி உப்பைக் கீழே வடிக்கும் நிலமீட்புச் சோதனையில் இப்பிழை மிகக் கேடானது. உப்பு வெளியேறுவதைக் கருவி மண் உலர்வதாகப் பதிந்துவிடும்.

ஆகவே ஈரம், மின்கடத்துத்திறன், வெப்பநிலை மூன்றையும் ஒருங்கே பதிய வேண்டும். இவற்றைத் தரும் உணரிகள் பல எஸ்டிஐ-12 நெறிமுறையைப் பின்பற்றுகின்றன. 12 வோல்ட் மின்வழங்கல், மூன்று கம்பிகள், நொடிக்கு 1,200 பிட் வேகம்: வெவ்வேறு ஆழங்களிலுள்ள உணரிகளை ஒரே தொடரில் இணைக்கலாம். இதற்கான திறந்த மூல நிரல் ஆர்டுயினோ பலகைகளுக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஸ்ட்ரவுட் நீர் ஆய்வு மையம் உருவாக்கிய மேஃப்ளை அவ்வழி வந்த பதிவியே. மின்னழுத்தம் மட்டும் தரும் உணரியாயின், ஆர்டுயினோ ஊனோவின் 10 பிட் மாற்றி 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கும். 16 பிட் ஏடிஎஸ்1115 சில்லைச் சேர்க்கச் செலவு சிறிதே. ஆனால் உவர்ப்பால் நேரும் பிழையை நுண்ணிய படிகள் திருத்தா.

நினைவக அளவு குறித்த கவலை வீண். அரை மணிக்கொரு பதிவெனில் ஆண்டுக்கு 17,520 வரிகளே. மின்கலமே இடர். வேலையின்றி நிற்கும்போதும் ஊனோ ஏறத்தாழ 45 மில்லிஆம்பியர் இழுப்பதால் 2,500 மில்லிஆம்பியர்-மணி மின்கலம் மூன்று நாள் தாங்காது. பதிவுகளுக்கிடையே உறக்க நிலைக்குச் செல்லும் பலகையும், வெப்பநிலை மாற்றத்தை ஈடுசெய்யும் டிஎஸ்3231 கடிகாரமும் தேவை.

அளவுத்திருத்தத்தை அந்தந்த வயலின் மண்ணையும் பாசனக் கிணற்று நீரையும் கொண்டே செய்தல் வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் பெற்ற சமன்பாடு இங்குப் பொருந்தாது. மண்மாதிரியை 105 செல்சியசில் 24 மணி நேரம் உலர்த்திப் பெறும் எடை வேறுபாட்டை ஒப்புநோக்காகக் கொண்டு, உவர்ப்பு மிகுந்த இடத்திற்கும் குறைந்த இடத்திற்கும் தனித்தனிச் சமன்பாடுகள் வகுக்கலாம்.