பயிர் எழுதிய சட்டங்கள்

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அமெரிக்கக் கரையிலும் கரீபியத் தீவுகளிலும் நிறுவிய குடியேற்றங்கள் பலவற்றை நிலைபெறச் செய்தவை புகையிலையும் கரும்பும் ஆகும். விளைந்த இடத்தில் பசியாற்றுவதற்காக அன்றி, கடல் கடந்த சந்தையில் விற்பதற்காகவே பயிரிடப்பட்டமையால் இவை வணிகப் பயிர்கள் எனப்பட்டன. இரண்டையும் ஒருசேரக் குறிப்பிடுவது வழக்கமாயினும், அவை உருவாக்கிய சமூகங்கள் ஒன்றல்ல. ஒரு பயிரை நட்டு, அறுத்து, பக்குவப்படுத்திக் கப்பலேற்றுவதற்கு எவ்வளவு முதல் வேண்டும், எத்தகைய உழைப்பு வேண்டும் என்பதைப் பொறுத்தே, அந்த மண்ணில் நிலம் யாருக்கு, உழைப்பு யாருடையது, பிறக்கும் குழந்தை யாருக்குச் சொந்தம் என்பவை பெரிதும் முடிவாயின.

1607இல் வர்ஜீனியாவில் அமைந்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் முதல் சில ஆண்டுகள் பசியாலும் நோயாலும் அழிவின் விளிம்பில் இருந்தது. ஜான் ரோல்ஃப் என்பவர் 1612ஆம் ஆண்டு வாக்கில், உள்ளூர்ப் புகையிலையைவிடக் காரம் குறைந்த கரீபிய வகை ஒன்றைப் பயிரிட்டு இலண்டன் சந்தைக்கு ஏற்ற இலையை விளைவித்த பிறகே அது பிழைத்தது. 1604இல் புகையிலையைக் கடிந்து நூல் எழுதிய முதலாம் ஜேம்ஸ் மன்னரின் கருவூலமே பின்னர் அதன் தீர்வையால் நிரம்பியது. வர்ஜீனியாவில் நாணயம் அரிதாக இருந்தமையால் வரியும் கடனும் பாதிரியாரின் சம்பளமும்கூடப் புகையிலை எடையில் கணக்கிடப்பட்டன.

புகையிலைக்கு ஆலை தேவையில்லை. நாற்றுவிட்டு நட்டு, நுனியையும் பக்கத் தளிர்களையும் கிள்ளி, புழுக்களைக் கையால் பொறுக்கி, முதிர்ந்த செடியை வெட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டுப் பாடம் செய்து, பெரிய மரப்பீப்பாய்களில் அடைத்தால் சரக்கு ஆயத்தமாகிவிடும். இடுப்பொடிக்கும் வேலைதான், ஆயினும் ஒரு மண்வெட்டியும் சில ஏக்கர் நிலமும் உள்ள எளியவரும் அதைத் தொடங்க முடிந்தது. ஆனால் அந்தப் பயிர் மூன்று நான்கு ஆண்டுகளில் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் என்பதால், புது நிலம் ஓயாமல் தேவைப்பட்டது. அந்த நிலமோ பவ்ஹாட்டன் முதலிய பூர்வகுடி மக்களுடையது. மேலும், ஓர் ஆளைக் கடல் கடந்து கொண்டுவருபவருக்கு 50 ஏக்கர் வழங்கும் முறை 1618 முதல் நடைமுறைக்கு வந்தமையால், ஆள் சேர்ப்பதும் நிலம் சேர்ப்பதும் ஒரே செயலாயின. அவ்வாறு வந்தவர்களில் மிகப் பலர், கப்பற் கட்டணத்துக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் உழைக்க ஒப்பந்தப்பட்ட ஆங்கிலேய ஏழைகள்.

1619இல் ஏறத்தாழ 20 ஆப்பிரிக்கர் வர்ஜீனியாவில் கொண்டுவந்து விற்கப்பட்டபோது, அங்கு அடிமைமுறையை வரையறுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அது பயிரின் பின்னால், தேவைக்கேற்பத் துண்டு துண்டாக எழுதப்பட்டது. இங்கிலாந்து மரபில் குழந்தையின் நிலை தந்தையின் வழியே அமைவது வழக்கம். 1662இல் வர்ஜீனியச் சட்டமன்றம் அதைத் தலைகீழாக்கி, தாய் அடிமையாயின் குழந்தையும் அடிமை என விதித்தது. அடிமைப் பெண்ணைத் தன் இச்சைக்கு உட்படுத்திய முதலாளிக்கு இதனால் சொத்தே பெருகியது என்பதை எண்ணும்போது, இதனினும் கொடிய ஒற்றை விதியை அந்நூற்றாண்டில் காண்பது அரிது. ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என 1667இல் மற்றொரு சட்டம் வந்தது. 1676இல் நத்தேனியல் பேக்கன் தலைமையில் எழுந்த கிளர்ச்சியில் வெள்ளை ஒப்பந்தப் பணியாளரும் கறுப்பு அடிமைகளும் ஒரே அணியில் ஆயுதம் ஏந்தியது தோட்ட முதலாளிகளை அச்சுறுத்தியது. அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தத்துக்கு வருவோர் தொகையும் குறைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இன வேறுபாடு சட்டத்தின் அடித்தளமாக்கப்பட்டு, 1705இல் முழுமையான அடிமைச் சட்டத் தொகுப்பாக நிறைவுபெற்றது.

கரும்பின் கதை வேறு. நியூ கினியாவில் தோன்றி, இந்தியாவில் படிகமாக்கும் நுட்பம் பெற்று, அரபியர் வழியாக மத்தியதரைக் கடலை அடைந்த கரும்பை 1493இல் கொலம்பஸ் கரீபியத்துக்குக் கொண்டுசென்றார். 1627இல் ஆங்கிலேயர் குடியேறிய பார்படோஸ் தீவில் முதலில் புகையிலையும் பருத்தியுமே விளைந்தன. 1640களில் பிரேசிலிலிருந்து கரும்புத் தொழிலின் நுட்பம் வந்து சேர்ந்ததும் சிறு உழவர்கள் நிலத்தை விற்று வெளியேற, சில நூறு ஏக்கர் பரப்புள்ள பெருந்தோட்டங்கள் எழுந்தன. வெட்டிய கரும்பு காத்திராது என்பதே இதன் காரணம். ஓரிரு நாளுக்குள் பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும். ஆகவே வயலும் ஆலையும் கொதிகலக் கூடமும் ஒரே உடைமையாளரிடம், ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். அதற்குப் பெருமுதல் வேண்டும். அந்த முதல் வீணாகாமல் இருக்க இரவும் பகலும் ஆள் வேண்டும்.

அரவைக் காலத்தில் அந்தத் தோட்டம் தொழிற்புரட்சிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தோன்றிவிட்ட ஒரு தொழிற்சாலையாக இயங்கியது. நிமிர்ந்து நிற்கும் மூன்று உருளைகளுக்கிடையே கரும்பைச் செலுத்துபவர் தூக்கக் கலக்கத்தில் விரலைக் கொடுத்துவிட்டால் உருளை கையையே இழுத்துக்கொள்ளும்; கையை வெட்டி உயிரைக் காப்பதற்காக அருகிலேயே கோடரி வைக்கப்பட்டிருந்தது என அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. பிழிந்த சாறு ஒன்றைவிட ஒன்று சிறிதான செப்புக் கொப்பரைகளில் வரிசையாக மாற்றப்பட்டுக் கொதித்தது. பாகு பதம் அறிந்து இறக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஓர் ஆப்பிரிக்க அடிமையே. அந்த நுண்ணறிவுக்கு அவர் பெற்ற கூலி ஏதுமில்லை. அவரை ஆள்வதற்காக 1661இல் பார்படோஸ் இயற்றிய அடிமைச் சட்டத்தை ஜமைக்காவும் கரோலினாவும் பின்பற்றின.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்ட ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கருள் வட அமெரிக்காவில் நேரடியாக இறக்கப்பட்டவர் 4 லட்சத்துக்கும் குறைவு. அவர்களின் சந்ததி பெருகி, 1860இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமைகளின் தொகை 39 லட்சத்தைத் தாண்டியது. ஜமைக்கா என்னும் ஒரே தீவில் சுமார் 10 லட்சம் பேர் இறக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் வேறிடங்களுக்கு விற்கப்பட்டனர் எனினும், 1834இல் விடுதலை வந்தபோது அங்கு எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 3 லட்சமே. புகையிலை நாட்டிலும் சாட்டை இருந்தது, குடும்பங்களைப் பிரித்து விற்கும் சந்தை இருந்தது. ஆனால் கரும்பு, தனக்கு உழைத்தவர்களின் அடுத்த தலைமுறையையே தோன்றவிடாமல் செய்தது. அளவற்ற வேலையும் குறைந்த உணவும் பெண்களின் கருவைத் தங்கவிடவில்லை. பிறந்த குழந்தைகளையும் பிழைக்கவிடவில்லை.

இவ்வாறு வந்த சர்க்கரை, பிரிட்டனில் செல்வர் வீட்டு அரும்பொருளாக இருந்த நிலை மாறி, தேநீரோடு சேர்ந்து தொழிலாளரின் அன்றாட உணவாயிற்று. பிரெஞ்சுக் குடியேற்றமான சான் டொமிங்கில் 1791இல் கரும்பு வயல்களுக்குத் தீ வைத்து எழுந்த அடிமைகள் 1804இல் ஹைட்டி என்னும் விடுதலை நாட்டை நிறுவினர். அந்நாட்டை ஏற்பதற்கு விலையாக, முன்னாள் உடைமையாளருக்கு 15 கோடி பிராங்க் இழப்பீடு தரவேண்டும் என 1825இல் பிரான்ஸ் வற்புறுத்தியது. பிரிட்டனும் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியபோது 2 கோடி பவுன் இழப்பீட்டை ஒதுக்கியது. அதுவும் உடைமையாளருக்கே சென்றது, உழைத்தவருக்கு ஒரு காசும் இல்லை.

அடிமைமுறை போயிற்று, ஆலையின் பசி போகவில்லை. அதனால் மொரீஷியஸ், கயானா, நேட்டால், பிஜி ஆகிய கரும்பு நாடுகளுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். 342 பேருடன் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டால் சென்ற ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேருள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமே. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் முதலாண்டின் மாதக் கூலி 10 ஷில்லிங். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற அளவே பிற்காலத்தில் பொது விதியாக இருந்தமையால், குடும்பம் அமைவதே அரிதாயிற்று. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் அங்கேயே வாழ விரும்பியவர் மீது, 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 3 பவுன் வரி விதிக்கப்பட்டது. அது அந்த முதலாண்டுக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். விடுதலையான மனிதரை மீண்டும் கரும்பு வயலுக்குத் துரத்துவதே அதன் நோக்கம்.

1913இல் அந்த வரிக்கு எதிராக நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் நவம்பரில் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியபோது அரவைப் பருவம் முடிந்திருக்கவில்லை. சில தோட்டங்களில் வயல்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். ஆயினும் எவருடைய ஆணைக்கும் காத்திராமல் ஆயிரக்கணக்கான கூலிகள் வேலையை விட்டு வெளியேறினர். காத்திராத பயிர் இம்முறை முதலாளியின் கழுத்தை நெரித்தது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை ஒழித்தது.