மலைக் கொரில்லாவைக் காணும் நெறி

உகாண்டா, ருவாண்டா, காங்கோ மக்களாட்சிக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளும் கூடுமிடத்தில் விருங்கா எரிமலைத் தொடர் எழுந்து நிற்கிறது. அதற்கு வடக்கே, உகாண்டாவின் தென்மேற்கு மூலையில், புவிண்டி என்னும் அடர்காடு மலைமுகடுகளைப் போர்த்திக் கிடக்கிறது. மலைக் கொரில்லாக்கள் வாழும் இடங்கள் உலகில் இவ்விரண்டே. உயிர்க்காட்சிச் சாலை எதிலும் அவை இல்லை. அவற்றைக் காண விழைவோர் காட்டுக்குள் நடந்தே செல்ல வேண்டும். அந்நடைக்கு வகுக்கப்பட்ட ஒவ்வொரு நெறிக்கும் பின்னால் பல்லாண்டு ஆராய்ச்சியும், சில கொரில்லாக்களின் இறப்பும் உள்ளன.

1902-ஆம் ஆண்டு செருமானியப் படைத்தலைவர் இராபர்ட் ஃபான் பெரிங்கே சபின்யோ மலைச்சரிவில் இரண்டு கொரில்லாக்களைச் சுட்டு வீழ்த்தினார். அந்த வேட்டையே இவ்விலங்கை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தது. இதன் விலங்கியல் பெயரிலும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. துப்பாக்கியின்றி அருகிருந்து நோக்கும் முறையை 1959-இல் சியார்ச்சு சாலர் இம்மலைகளில் தொடங்கினார். 1967-இல் டயான் ஃபாசி கரிசோக்கே ஆய்வு நிலையத்தை நிறுவி அப்பணியை வளர்த்தார். மார்பில் அறைந்து முழங்கும் கொடிய விலங்கு என்று அஞ்சப்பட்ட கொரில்லா, தழை தின்று குடும்பமாய் வாழும் அமைதியான உயிர் என்பதை இவர்களின் குறிப்பேடுகளே உலகுக்கு உணர்த்தின. ஆயினும், 1980-களின் தொடக்கத்தில் விருங்காவில் ஏறத்தாழ 250 கொரில்லாக்களே எஞ்சியிருந்தன.

இன்று நடைபெறும் காட்டுநடை, பயணிகள் புறப்படும் முன்னரே தொடங்கிவிடுகிறது. தடமறியும் பணியாளர்கள் விடியற்காலையில், முந்தைய நாள் கொரில்லாக் கூட்டத்தைக் கடைசியாகக் கண்ட இடத்துக்குச் சென்று, அங்கிருந்து இரவுப் படுக்கைகளைத் தேடுகின்றனர். கொரில்லா ஒவ்வொரு மாலையும் செடிகொடிகளை வளைத்து மடக்கிப் புதுப் படுக்கை அமைத்துக்கொள்ளும். அப்படுக்கையைப் படித்தறிவது தனிக்கலை. கிடக்கும் சாணத்தின் பருமன் படுத்திருந்ததன் அகவையைச் சொல்லும். பெரிய சாணத்தோடு சிறியதும் இருந்தால் தாயும் குட்டியும் அங்கே உறங்கியிருக்கின்றன. தழையில் வெள்ளை மயிர் ஒட்டியிருந்தால் அது தலைவனாகிய வெள்ளிமுதுகு ஆணின் படுக்கை. அங்கிருந்து புறப்படும் தடத்தைத் தொடர்ந்து சென்று கூட்டத்தைக் கண்டபின், பணியாளர்கள் கம்பியில்லாக் கருவிவழி வழிகாட்டிக்குச் செய்தி அனுப்புவர்.

புவிண்டியின் தரை 1,160 மீட்டரிலிருந்து 2,607 மீட்டர் வரை உயர்கிறது. சரிவுகள் செங்குத்தானவை, சேறு காலை வாரும், கொடிகளை வெட்டி விலக்காமல் பல இடங்களில் அடியெடுத்து வைக்க இயலாது. ஒரு மணிநேரத்தில் கொரில்லாவைக் காண்போரும் உளர். பகலெல்லாம் நடப்போரும் உளர். கூட்டத்தை நெருங்கியதும் கைத்தடிகளையும் பைகளையும் விட்டுச் செல்லுமாறு வழிகாட்டி பணிப்பார்.

அப்போது காணக் கிடைப்பது பெரும்பாலும் உண்ணும் காட்சியே. விருங்காக் கொரில்லாக்கள் காஞ்சொறி போன்ற சுணைச்செடியை உண்ணும் விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு கை தண்டைப் பற்ற, மறு கை அடியிலிருந்து மேல்நோக்கி இலைகளை உருவுகிறது. இலைக்காம்புகளைத் திருகி நீக்கியபின், அடுக்கிய இலைகளை வெற்றிலை மடிப்பதுபோல் மடித்து, சுணை உதட்டில் படாவண்ணம் வாய்க்குள் இடுகிறது. இரு கைகளும் வெவ்வேறு வேலைகளை ஒருங்கே செய்யும் இத்திறத்தைக் குட்டிகள் வளரும்போதே பெறுகின்றன. ஒவ்வொரு கொரில்லாவின் மூக்கின்மேலும் உள்ள சுருக்கக் கோடுகள் தனித்தன்மை உடையவை. ஆய்வாளர்கள் அக்கோடுகளை வரைந்து வைத்தே ஒவ்வொன்றையும் இனங்காண்கின்றனர்.

இக்காட்சிக்கு விதிக்கப்பட்ட வரம்புகள் கண்டிப்பானவை. ஒரு கூட்டத்துக்கு நாளொன்றுக்கு ஒரு பயணிக்குழு, குழுவில் எண்மருக்கு மேல் இல்லை, ஒரு மணிநேரத்துக்கு மேல் இல்லை, இடைவெளி பத்து மீட்டர், முகக்கவசம் கட்டாயம். காரணம் உறவே. நம் மரபணுத் தொகுதியும் கொரில்லாவின் தொகுதியும் ஏறத்தாழ 98 விழுக்காடு ஒத்தவை. நம்மைத் தொற்றும் நோய் அவற்றையும் எளிதில் தொற்றும். நம் நோய்களுக்கு அவற்றின் உடல் பழகியதும் இல்லை. 1996-இல் புவிண்டியில் ஒரு கூட்டத்தைச் சொறிநோய் பற்றி ஒரு குட்டி மாண்டது. மருத்துவம் செய்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோக்கா, அந்நோய் மாந்தரிடமிருந்தே வந்திருக்க வேண்டும் எனக் கண்டு, சுற்றியுள்ள ஊர்மக்களின் நலத்தையும் கொரில்லாக்களின் நலத்தையும் ஒன்றாகப் பேணும் அமைப்பொன்றைப் பின்னர் நிறுவினார். 2009-இல் ருவாண்டாவில் பன்னிரண்டு கொரில்லாக்கள் கொண்ட கூட்டத்தில் பதினொன்று மூச்சுநோயுற்றன. ஒரு பெண்ணும் ஒரு குட்டியும் இறந்தன. அவ்விரு உடல்களிலும் மாந்தரிடையே சளிநோய் பரப்பும் நச்சுயிரி கண்டறியப்பட்டது.

அவ்வாறாயின் எவரும் செல்லாதிருப்பதே நன்றல்லவா என்னும் வினா எழலாம். விருங்காவில் 1967 முதல் 2008 வரை திரட்டிய தரவுகள் இதற்கு விடை தருகின்றன. மாந்தருக்குப் பழகி, நாள்தோறும் கண்காணிப்பும் மருத்துவமும் பெற்ற கூட்டங்கள் ஆண்டுக்கு 4.1 விழுக்காடு பெருகின. பழகாத கூட்டங்கள் ஆண்டுக்கு 0.7 விழுக்காடு குறைந்தன. கண்ணியில் சிக்கிய குட்டியை விடுவிக்க மருத்துவர் வரவேண்டுமானால், அக்குட்டியை அன்றன்று பார்ப்பவர் இருக்க வேண்டும். அச்செலவைத் தாங்குவதில் பயணிகளின் கட்டணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ருவாண்டாவில் அயல்நாட்டவர் அக்கட்டணமாக 1,500 டாலர் செலுத்துகின்றனர். பூங்கா வருவாயில் பத்து விழுக்காடு சுற்றுப்புற மக்களுக்குச் செல்கிறது. விருங்காவில் 604, புவிண்டியில் 459 என மொத்தம் 1,063 கொரில்லாக்கள் அண்மைக் கணக்கெடுப்புகளில் பதிவாயின. 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அழிவின் விளிம்பில் இருந்த இவ்வினத்தை ஒரு படி மேலே உயர்த்தியது.

இவ்வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் மறைத்தல் கூடாது. 1991-இல் புவிண்டி தேசியப் பூங்காவானபோது, அக்காட்டையே வாழ்விடமாகக் கொண்ட பட்வா மக்கள் நிலமின்றி வெளியேற்றப்பட்டனர். கொரில்லாவால் வரும் செல்வத்தில் அவர்களுக்குரிய பங்கு நேர்மையாகச் சென்று சேராதவரை இப்பாதுகாப்புப் பணி முழுமை பெற்றதாகாது.

பெண் கொரில்லா ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒரு முறையே ஈனுகிறது. ஒருவர் இருமலால் மாயும் ஓர் உயிரை ஈடுசெய்ய அத்தனை காலம் வேண்டும். ஆகவே, அங்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர்க்கு ஒரு வேண்டுகோள்: சிறு சளி இருந்தாலும் காட்டுக்குள் நுழையாதீர்கள், கட்டிய பணம் போனாலும் போகட்டும். குட்டி தானே நெருங்கி வந்தாலும் பின்வாங்கி நில்லுங்கள். அதனருகே நின்று எடுத்த படம் பெருமைக்குரியதன்று. பத்து மீட்டருக்கு அப்பால் நின்று கண்டு திரும்புவதே அவ்வுயிருக்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பு.