பால்மரத்துக்கு மஞ்சள் எங்கே தீட்டுவது?

வர்ணம் தீட்டும் போட்டி என்றால் கமுந்திங்கில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பொங்கல் விழாவோ சுதந்திர தினமோ, மண்டபத்தில் பாயை விரித்துவிட்டால் பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு தீட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கோட்டைத் தாண்டாமல் பளிச்சென்று தீட்டியவருக்குப் பரிசுக்கூடை. பூனைக்கு ஆரஞ்சா சாம்பலா என்பதைத் தவிர அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை யோசித்து முடிவெடுத்தது ஒன்றும் இருக்காது.

அதே வண்ணப் பென்சிலை வைத்து அறிவியலும் கணிதமும் வரலாறும் நடத்தலாம். தாளில் ஒரு கேள்வி இருந்தால் போதும். நம் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. நாள் பாடத்திட்டத்தில் ஆசிரியர்கள் நிரப்பும் ‘விரவி வரும் கூறுகள்’ என்ற கட்டத்தின் நோக்கமே ஒரு பாடத்துக்குள் இன்னொன்றைக் கலந்து தருவதுதான். பல நேரம் அந்தக் கட்டம் சடங்குக்காக நிரப்பப்படுகிறது என்பது ஆசிரியர்களுக்கே தெரியும்.

ரப்பர் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த பேராக் மாநிலத்துக்கு ஏற்ற தாள் ஒன்றைச் சொல்கிறேன். பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், தண்டுக் குறுக்குவெட்டை ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போட்டு வரைந்துகொள்ளுங்கள். வெளியே சொரசொரப்பான பட்டை, அதற்குள் உள்பட்டை, அதை ஒட்டி நூலிழை அளவில் காம்பியம் என்னும் வளர்ச்சி அடுக்கு, நடுவில் கட்டை. பெயர் எதையும் எழுதாமல் கொடுத்துவிட்டு, “பால் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் மஞ்சள் தீட்டு” என்று சொல்ல வேண்டும்.

கட்டை முழுவதையும் மஞ்சளாக்கும் பிள்ளை, பால் மரத்தின் நடுவிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. கேள்விக்கு வாயால் பதில் சொல்லியிருந்தால் இந்தத் தப்பு ஆசிரியரின் கண்ணில் பட்டிருக்காது. பாலைச் சுமக்கும் நுண்குழாய்கள் உள்பட்டையில், காம்பியத்தை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி அந்தக் காம்பியத்தில் பட்டால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. பால்வெட்டுக்காரர்கள் பட்டையை மெல்லிசாகச் சீவி எடுத்தது இதனால்தான். வீட்டில் பால் வெட்டிய பாட்டி இருந்தால், தாளை அவரிடம் காட்டச் சொல்லுங்கள். மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), நிரை (மர வரிசை), லயம் (தோட்டக் குடியிருப்பு) என்று பாடநூலில் அதிகம் வராத சொற்களும் தமிழ் வகுப்புக்கு வந்து சேரும்.

அதே மரத்தின் வெளித்தோற்றத்தை இன்னொரு தாளில் வரைந்தால் கணிதமும் வந்துவிடும். வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்கும். பால்குழாய்களும் நேர்செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்திருப்பதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். படிநிலை இரண்டு மாணவர்கள் பாகைமானியை வைத்து அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, எந்தக் குழாய்கள் அறுபட்டன என்று நிறம் மாற்றிக் காட்டலாம். வரலாற்றுக்கும் தூரம் போக வேண்டியதில்லை. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகள் இதே பேராக்கின் கோலாகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் நிற்கிறது.

அடுத்தது வரைபடம். 1852இல் லண்டனில் பிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்து மாவட்டங்களின் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் எந்த இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே நிறம் வரக் கூடாது என்றால், நான்கு நிறமே போதும்போல் இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. அது எந்த வரைபடத்துக்கும் பொருந்துமா? அமெரிக்காவில் அப்பெல், ஹாக்கன் என்ற இருவர் 1976இல் கணினியின் துணையோடு பொருந்தும் என்று நிறுவும்வரை கணித உலகம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது. பேராக்கில் 12 மாவட்டங்கள் உள்ளன. அதன் வெற்று வரைபடத்தைக் கொடுத்து நான்கு பென்சிலை மட்டும் கையில் தாருங்கள். அவசரப்பட்டுத் தீட்டுபவர் பாதியில் ஐந்தாவது பென்சில் கேட்பார், அழிப்பானும் கேட்பார். அழித்து அழித்துத் தீட்டி முடிப்பதற்குள் கமுந்திங் இருக்கும் லாருட், மாத்தாங், செலாமா மாவட்டத்துக்கு அக்கம்பக்கம் யார் யார் என்பது தானாக மனத்தில் பதிந்திருக்கும்.

வாசலில் போடும் கோலத்திலும் இப்படிக் கணிதம் ஒளிந்திருக்கிறது. கோலங்களின் கணித ஒழுங்கை 1970களிலேயே கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் சென்னையில் ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள்.

இதெல்லாம் சின்னப் பிள்ளை வேலை என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். 1977இல் வெளிவந்த மனித உடற்கூறு வண்ணப் புத்தகத்தில் இன்றும் மருத்துவ மாணவர்கள் எலும்பையும் நரம்பையும் தீட்டித்தான் படிக்கிறார்கள். எந்த நரம்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல் அதற்கு நிறம் கொடுக்க முடியாது.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, ‘2+3 வந்தால் சிவப்பு’ என்ற வகைத் தாள்கள். கூட்டலுக்கு மேக்கப் போட்ட தாள்கள் அவை. ஆண்டு ஒன்றில் சலிப்பைப் போக்க உதவும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது, இலைக்குப் பழுப்பு தீட்டும் பிள்ளையை உடனே அதட்டாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுவது பிறவியிலேயே வரும், ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். பென்சிலின் மேல் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினால் அவர்களுக்குப் பாதிப் பிரச்சினை தீரும். கண் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். மூன்றாவது, முழுத்தாளையும் அடைத்துத் தீட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். பத்து நிமிடத்தில் கேள்விக்கு விடை வந்துவிட்டால் மீதி வெள்ளையாகவே இருக்கட்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டிக்கு இணையத்திலிருந்து பூனைப் படத்தை எடுத்து நகலெடுக்கும் முன், ஒரு பால்மரத் தாளையோ பேராக் வரைபடத்தையோ வரைந்து பாருங்கள். பரிசை, “ஏன் இந்த நிறம்?” என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்லும் பிள்ளைக்குக் கொடுங்கள்.