பழைய குண்டு துளைக்காத சட்டையை நம்பலாமா?

அமெரிக்கக் காவலர் ஒருவரின் குண்டு துளைக்காத சட்டை பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள்தான் பணியில் இருக்கும். பிறகு அவருக்குப் புதியது வரும், பழையது கழிக்கப்படும். கழித்தவற்றில் ஒரு பகுதி அழிக்கப்படாமல் வெளியே வந்து, ராணுவ உபரிப் பொருள் கடைகளிலும் இணையச் சந்தையிலும் விலைக்கு நிற்கிறது. புதிதாக வாங்கினால் பல நூறு டாலர் ஆகும் சட்டை அங்கே மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். புதிய சட்டை வாங்கப் பணம் போதாத தனியார் பாதுகாவலர், இரவில் கடையைத் திறந்து வைத்திருப்பவர், போர்முனைக்குச் சொந்தச் செலவில் போகும் பத்திரிகையாளர் போன்றோருக்கு அந்த விலை பெரிய ஈர்ப்பு. அது இன்னும் குண்டைத் தடுக்குமா என்பதை மட்டும் கடைக்காரரால் சொல்ல முடியாது.

காவலர்கள் சீருடைக்குள் அணியும் மென்கவசத்தில் உலோகம் இல்லை. மிக வலுவான இழைகளால் ஆன துணி, பல அடுக்குகளாக ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கும். பாயும் குண்டை முதல் சில அடுக்குகள் பிடித்து நசுக்குகின்றன. அதன் ஆற்றல் இழைகள் வழியே பக்கவாட்டில் பரவிக் கரைகிறது. இந்த இழைகளில் பெயர் பெற்றது கெவ்லார். டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெபனி குவோலெக் 1965இல் கண்டறிந்த இழை அது. அது அராமிட் வகையைச் சேர்ந்தது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வருபவை பாலிஎத்திலீன் வகை. சட்டையின் காப்பு முழுவதும் இழையின் வலுவில்தான் இருக்கிறது. இழை நலிந்தால் சட்டையும் நலியும். ஆனால் துணி கிழியாது, நிறம் மாறாது, எடை குறையாது. நலிந்த சட்டையையும் நல்ல சட்டையையும் அருகருகே வைத்தால் கண்ணால் வேறுபாடு காண முடியாது.

பெரும்பாலான மென்கவசங்களுக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் ஐந்து ஆண்டுகள். அந்தத் தேதி கடந்த மறுநாளே சட்டை பயனற்றுப் போவதில்லை. சரியாக அணிந்து, சரியாகப் பேணினால் இத்தனை ஆண்டுகள் வரை இது குறிப்பிட்ட குண்டுகளைத் தடுக்கும் என்று நிறுவனம் தரும் உறுதிமொழி அது. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வுப் பிரிவான தேசிய நீதி நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் பயன்படுத்திய கெவ்லார் சட்டைகளைச் சுட்டுச் சோதித்தது. அவற்றில் சில பத்து ஆண்டுப் பழையவை. வயது ஒன்றே சட்டையைக் கெடுத்துவிடுவதில்லை என்பதே அந்தச் சோதனை தந்த முடிவு. பழைய சட்டை விற்பவர்கள் இந்த முடிவை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அது கெவ்லாரைப் பற்றியது. எல்லா இழைகளுக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை சைலான் விவகாரம் காட்டியது.

சைலான் ஜப்பானின் டோயோபோ நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் சந்தைக்குக் கொண்டுவந்த இழை. கெவ்லாரைவிட வலுவானது என்பதால் மெல்லிய, எடை குறைந்த சட்டைகள் தைக்க முடிந்தது. நாள் முழுவதும் கவசத்தைச் சுமக்கும் காவலர்களுக்கு அது பெரிய நிம்மதி. மிச்சிகனைச் சேர்ந்த செகண்ட் சான்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் சைலான் சட்டைகளை ஏராளமாக விற்றன. 2003 ஜூன் மாதம் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் நகரக் காவலர் ஒருவர் சுடப்பட்டார். அவருடைய சைலான் சட்டை தடுத்திருக்க வேண்டிய குண்டு, முன்பக்கத்தைத் துளைத்து அவரைப் படுகாயப்படுத்தியது. தேசிய நீதி நிறுவனத்தின் தரத்துக்கு உட்பட்ட ஒரு சட்டை, தடுக்க வேண்டிய குண்டைத் தடுக்கத் தவறியதாக அந்த நிறுவனத்துக்கு வந்த முதல் தகவல் அதுதான். அந்தச் சட்டை சந்தைக்கு வந்தே சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அதன்பின் பணியில் இருந்த 103 சைலான் சட்டைகளைத் தேசிய நீதி நிறுவனம் திரட்டிச் சோதித்தது. அவற்றில் 60 சட்டைகளைக் குறைந்தது ஒரு குண்டாவது துளைத்தது. துளைபடாத 43இலும் பெரும்பாலானவை குண்டு பட்டதும் அனுமதித்த அளவுக்கு மேல் உடல் பக்கமாகக் குழிந்தன. எல்லா அளவுகோல்களிலும் தேறியவை நான்கே. 2005 ஆகஸ்டில் சைலான் கவசங்களுக்கான ஏற்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. வெளிச்சமும் ஈரப்பதமும் அந்த இழையின் வேதிப் பிணைப்புகளை அறுத்துவந்தன. காவலரின் வியர்வையே அதற்குப் போதுமான ஈரம். செகண்ட் சான்ஸ் 2004இல் திவால் மனு கொடுத்தது. இழை நலிவது தெரிந்தும் டோயோபோ அதை விற்றதாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு, 2018இல் 6.6 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

ஆகவே, பழைய சட்டையை எடுத்துப் பார்ப்பவர் தேதிக்கு முன்பே தேட வேண்டியது இழையின் பெயரை. சைலான் என்றோ, அதன் வேதிப்பெயரின் சுருக்கமான பி.பி.ஓ. என்றோ இருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. எந்த விலைக்கும் அதை வாங்கக் கூடாது. இழை எதுவென்றே விற்பவருக்குத் தெரியாவிட்டாலும் அதே முடிவுதான். ஆண்டுகள் கடந்தும் பழைய மூட்டைகளிலிருந்து சைலான் சட்டைகள் வெளிவர வாய்ப்பு உண்டு.

மற்ற இழைகளுக்கும் தனித்தனிப் பலவீனங்கள் உண்டு. அராமிட் கடும் வெப்பத்தைத் தாங்கும். புற ஊதாக் கதிரைத் தாங்காது. நனைந்தால் இழைகள் வழுக்கும். குண்டு அவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். உலர்ந்தபின் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்றாலும், சண்டை நடக்கும் நேரம் சட்டை உலரும் வரை காத்திருக்காது. வெளுப்பான் பட்டால் அராமிட் மீளாமல் கெடும். பாலிஎத்திலீன் தண்ணீருக்கு அஞ்சாது, வெப்பத்துக்கு அஞ்சும். ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் உருகும் அந்த இழை, அதற்கு வெகு முன்பே நலியத் தொடங்குகிறது. அரிசோனாவில் கோடை வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். அதனால் காரின் பின்பெட்டியில் கவசத்தை நிரந்தரமாக வைக்க வேண்டாம் என்று உற்பத்தியாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவான எதிரி மடிப்பு. ஒவ்வொரு நாளும் குனிந்து, உட்கார்ந்து, காரில் ஏறி இறங்கும்போது வயிற்றுப் பகுதியில் அதே இடத்தில் துணி மடிகிறது. அங்கே இழை தளர்கிறது. இதைக் கருதியே தேசிய நீதி நிறுவனம் 2008இல் வெளியிட்ட 0101.06 என்ற தரம், புதிய சட்டைகளையும் செயற்கையாகப் பழையதாக்கிய பிறகே சுட வேண்டும் என்று விதித்தது. 65 டிகிரி வெப்பத்திலும் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும் பத்து நாள் சுழலும் உருளைக்குள் சட்டை 72,000 சுற்று புரள வேண்டும். அதன் பிறகு களிமண் பரப்பில் பொருத்திச் சுடுவார்கள். குண்டு நின்றால் மட்டும் போதாது. பின்புறம் களிமண்ணில் விழும் குழி 44 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாக இருக்கக் கூடாது. துளைக்காத குண்டும் விலா எலும்பை முறித்து, உள்ளுறுப்பைச் சிதைக்க முடியும். 2008க்கு முந்தைய தரத்தில் தேறிய சட்டைகள் இந்தப் புரட்டலைச் சந்தித்தவை அல்ல. பழையதை வாங்குபவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

கவசத்தின் உட்பகுதி நீர் புகாத உறைக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அந்த உறை கிழிந்திருந்தாலோ, மூட்டுப் பிரிந்திருந்தாலோ, துவைப்பு இயந்திரத்தில் போட்ட அறிகுறி தெரிந்தாலோ அந்தச் சட்டையை விட்டுவிடுவது நல்லது. தைத்துப் போட்ட ஒட்டு ஏதேனும் இருந்தால் அதற்குள் குண்டு பட்டிருக்கலாம். ஒரு முறை குண்டு பட்ட கவசம் மறுபடி அணியத் தக்கதல்ல. வெளி மேலுறை புதிதாகப் பளபளப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மேலுறையை மட்டும் தனியே வாங்கி மாற்றிவிடலாம்.

நீள்துப்பாக்கிக் குண்டைத் தடுக்க மென்கவசத்துக்கு மேல் கனத் தகடுகள் செருகப்படுகின்றன. அவற்றில் பல பீங்கானால் ஆனவை. அலுமினா, சிலிக்கான் கார்பைடு, போரான் கார்பைடு ஆகிய கடினப் பொருள்கள் குண்டின் முனையை உடைக்க, பின்னால் உள்ள இழைப்பலகை சிதறலைப் பிடித்துக்கொள்ளும். பீங்கான் கல்போல் கடினமானது, கல்போலவே விரிசல் விடும். சிமெண்ட் தரையில் ஒரு முறை விழுந்த தகட்டுக்குள் விரிசல் இருக்கலாம், வெளித்துணி அதை மறைத்துவிடும். அமெரிக்க ராணுவம் தன் தகடுகளை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கிறது. இணையத்தில் ஒற்றைத் தகடு வாங்குபவரிடம் எக்ஸ்ரே கருவி இல்லை. தகட்டைக் கையால் முறுக்கி, உள்ளே நொறுங்கும் ஓசை வருகிறதா என்று கேட்பது பெரிய உடைப்பைக் கண்டுபிடிக்க உதவும், நுண்விரிசலைக் காட்டாது. எஃகுத் தகடு இப்படி நலியாது. ஆனால் அதில் பட்டுச் சிதறும் குண்டுத் துணுக்குகள் கழுத்தையும் தாடையையும் தாக்கும். தவிர, ராணுவத் தகடுகள் அரசின் சொத்து; சந்தையில் அவை கிடைத்தால் திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

கவசத்தின் அடையாளப் பட்டையில் எழுதியிருக்கும் காப்பு நிலையையும் படிக்கத் தெரிய வேண்டும். பழைய தரத்தில் 2ஏ, 2, 3ஏ ஆகியவை கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கு; 3, 4 ஆகியவை நீள்துப்பாக்கிக் குண்டுகளுக்கு. 2023இல் வந்த 0101.07 தரத்தில் கைத்துப்பாக்கிக்கு எச்.ஜி., நீள்துப்பாக்கிக்கு ஆர்.எஃப். என்று பெயர்கள் மாறின. சிறைக் காவலர்கள் அணியும் கத்திக்குத்துக் கவசம் தனித் தரத்தில் வருவது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் குண்டைத் தடுக்க அது உருவாக்கப்படவில்லை. உற்பத்தியாளர் பெயர், மாதிரி, தயாரிப்புத் தேதி, வரிசை எண், உடலை ஒட்டி வர வேண்டிய பக்கம் எது என்ற குறிப்பு ஆகியவை பட்டையில் இருக்கும். மாதிரியின் பெயரைத் தேசிய நீதி நிறுவனம் வெளியிடும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பட்டை வெட்டப்பட்டிருந்தால் அந்தச் சட்டையை நம்ப எந்த அடிப்படையும் இல்லை. காவலரின் உடல் அளவெடுத்துத் தைத்த சட்டை மற்றவருக்குப் பக்கவாட்டில் இடைவெளி விடும் என்பதும் கவனத்துக்குரியது.

வாங்கும் உரிமையும் இடத்துக்கு இடம் மாறும். வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் கவசம் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 2002 முதல் தடை செய்கிறது. கனெக்டிகட்டில் சில விலக்குகள் தவிர நேரில்தான் விற்க முடியும். பஃபலோ நகரப் பல்பொருள் அங்காடியில் 2022இல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் கொலையாளி கவசம் அணிந்திருந்தார். அங்கிருந்த பாதுகாவலர் சுட்ட குண்டு அதில் பட்டு நின்றது. அதன் பிறகு நியூயார்க் மாநிலம் குறிப்பிட்ட தொழில்களில் இருப்போருக்கு மட்டும் விற்க அனுமதித்தது.

அதே 2022இல் கொலராடோ, வெர்மான்ட் போன்ற மாநிலங்களின் காவல் துறைகள் பணிக்காலம் முடிந்த கவசங்களை உக்ரைனுக்கு அனுப்பின. கவசமே இல்லாதவருக்கு அவை பயன்படும் என்பதில் ஐயமில்லை. அனுப்பிய துறைக்கு அந்தச் சட்டைகளின் மாதிரியும், பயன்படுத்திய வரலாறும் தெரியும். ஒரே தொகுதியில் நூறு சட்டை இருந்தால் இரண்டைச் சுட்டுப் பார்த்து மற்றவற்றை மதிப்பிடவும் முடியும். ஒற்றைச் சட்டை வாங்கும் தனிமனிதருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சோதிக்கச் சுட்டால் சட்டை போய்விடும். சுடாமல் மென்கவசத்தின் வலுவை வீட்டில் அறியும் வழி கிடையாது. கையில் உள்ள பணத்துக்குப் பழைய 3ஏ சட்டையும் காப்பு நிலை குறைந்த புதிய சட்டையும் கிடைத்தால், ஏற்புப் பட்டியலில் உள்ள புதியதை எடுப்பதே சரி. பழையதைத்தான் வாங்க முடியும் என்ற நிலையில், உத்தரவாதக் காலம் முடியாததாக, அணிந்தவரே நேரில் விற்பதாக, எங்கே எப்படி வைத்திருந்தார் என்று அவரிடம் கேட்டறியக் கூடியதாக இருக்க வேண்டும்.

காலம் முடிந்த கவசத்தை அப்படியே குப்பையில் போட்டால் யாராவது எடுத்து அணிந்துவிடுவார்கள். உள்பகுதியை வெட்டிச் சிதைத்தபின் கழிக்க வேண்டும். அராமிட் இழையைப் பிரித்து அரைத்து வாகனங்களின் பிரேக் பட்டைகளில் சேர்க்கும் மறுசுழற்சி ஆலைகளும் உண்டு.